உறைமோர் நிபந்தனை

தமிழ் எழுத்தின் விலை எண்ணூறு வெள்ளி. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் அதில் அடக்கம். கிரந்த எழுத்துகள் இனாம். 1987இல் மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஆர்தர் தம் கம்ப்யூட்டர் கடைக் கண்ணாடியில் இப்படித்தான் எழுதி ஒட்டினார். புலவர்கள் இத்தனை காலமாக விலை சொல்லத் தயங்கிய சரக்குக்கு ஒருவர் துணிந்து விலை போட்டாரே என்று மெச்சியிருக்கலாம். ஒரே ஒரு சங்கடம்: அந்த எழுத்துகள் அவருடையவை அல்ல.

எழுத்துகளை வரைந்தவர் பிரேமாவதி. சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து வந்து, டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் டைப்பிங் வகுப்பு நடத்தியவர். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து ஒவ்வோர் எழுத்தையும் உட்கார வைத்தார். அந்தப் புள்ளிகளை பிரிண்டருக்குப் புரியும்படி சொல்லும் புரோகிராமை எழுதியவன் செலஸ்டின். வார நாள்களில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு. மூன்றாமவர் அழகேசன், தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். அவர் எதையும் வரையவும் இல்லை, எழுதவும் இல்லை. ஆனால் "நாம செஞ்சது" என்று மற்ற இருவரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பொதுக் காரியம் எதுவானாலும் அப்படி ஒருவர் இல்லாமல் நடக்காது. நான் கடைசியாகச் சேர்ந்தவன். எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். வீட்டுக் குழந்தைகள் "அம்மா" சொல்வதற்கு முன்பே "கட்டுப்படியாகாது" சொல்லிவிடும். பேரம் பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டார்கள்.

புரோகிராமுக்குப் 'புள்ளி' என்று பெயர். அதன் டிஸ்க்குகள் பஸ் கண்டக்டர்கள் கையில் கெடா மாநிலம் முழுக்கப் போயின. ஜித்ராவில் அகத்தா டீச்சர் அதில் பரீட்சைத் தாள் அடித்தார். 'கொ' வரியின் ஓரத்தில் வந்தால் கொம்பு ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் நிற்பதைப் பார்த்தார். புரோகிராமைத் திறந்து திருத்தி, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். செர்டாங்கில் எண்ணெய்ப்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பழனியாண்டி, கோயில் நோட்டீஸ் 'ஸ்ரீ' இல்லாமல் மொட்டையாக இருக்கிறது என்று ஒரு 'ஸ்ரீ' செய்து அனுப்பினார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கோளாறு, அழகேசனின் மரியாதையில் வந்தது.

அந்த வருடத் திருவிழாவுக்கு ரசீது அடிக்க ஆர்தர் ஒரு கம்ப்யூட்டரை வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். சும்மா விடுவாரா அழகேசன்? கூட்டத்தின் முன்னால் ஆர்தருக்கு மாலை போட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம் வைத்த தட்டை நீட்டினார். பழத்தின் மேல் 'புள்ளி' டிஸ்க் ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது. "வச்சுக்குங்கண்ணே, இனிமே இது உங்களோடது மாதிரி" என்று மைக்கிலேயே சொன்னார். தட்டில் வைத்து நீட்டும்போது நிபந்தனை பேசுவது நம் வழக்கத்தில் இல்லை. பெண்ணையே கொடுக்கும்போதுகூட அதையெல்லாம் முன்னாலேயே முடித்துவிடுகிறோம்.

தட்டோடு வாங்கியவர் தட்டோடு கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்தார். மறுவாரம் விலை ஒட்டினார்.

பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கப் போன பிரேமாவதிதான் முதலில் பார்த்தது. டைப்பிங் வகுப்பில் கூட்டம் குறைந்து, கல்யாணப் பத்திரிகையும் கருமக்கிரியை நோட்டீஸும் அடித்துத்தான் அவருடைய பிழைப்பு ஓடியது. அந்த பிரிண்டரும் ஆர்தரிடம் தவணையில் வாங்கியதுதான்.

"பயப்படாத லா தங்கச்சி" என்றார் ஆர்தர். "புதுச் சட்டம் வருதாம். என் பேருல பதிஞ்சிட்டேன்னா எல்லாரும் என்கிட்ட லைசென்ஸ் எடுக்கணும். உனக்கு மட்டும் பாதி விலை."

"எனக்கு ஏன் பாதி?"

"நீதான வரைஞ்ச."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செலஸ்டின் வந்ததும் மாடியறையில் கூடினோம். பிரேமாவதி நடந்ததைச் சொல்லி முடித்தார். "நான் வரைஞ்சதை நான் அடிக்க எனக்கே பாதி விலையாம். வரையாம சும்மா இருந்திருந்தா முழு விலை. இதுல எனக்கு லாபம்தான்றாரு."

"அப்ப அந்த லைசென்ஸ நாம முந்திக்கிட்டு எடுத்துருவோம்" என்றார் அழகேசன். "எந்த ஆபீஸ்ல எடுக்கணும்?" அவருக்குத் தெரிந்த லைசென்ஸ்கள் மோட்டார்சைக்கிளுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, திருவிழாவில் ஒலிபெருக்கி கட்ட ஒன்று.

"இது எடுக்கறது இல்லண்ணே, கொடுக்கறது" என்றான் செலஸ்டின். "செஞ்சது நாம. இன்ன மாதிரி வச்சுக்கலாம், இன்ன மாதிரி கூடாதுன்னு வாங்கறவங்களுக்கு நாம சொல்றதுதான் லைசென்ஸ்."

"நாம கொடுக்கறதா?" அழகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப முத்திரை வேணுமே. கோயில் முத்திரை இருக்கு."

"முத்திரை இருக்கட்டும். என்ன கொடுக்கறதுன்னு பேசுவோம்." செலஸ்டின் வெளிநாட்டுப் பத்திரிகைகள் படிப்பவன். அமெரிக்காவில் சிலர் புரோகிராமை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் காசு அனுப்பு என்கிறார்களாம். இன்னும் சிலர் எதுவுமே கேட்காமல் பொதுவில் விட்டுவிடுகிறார்களாம். "நாமளும் பொதுவுல விட்டுருவோம். காத்து மாதிரி. யாரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும், என்ன வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்."

"அதைத்தான தம்பி தட்டுல வச்சுச் செஞ்சோம்" என்றார் பிரேமாவதி.

அழகேசன் மேலே சுற்றும் விசிறியை ஆராய்ந்தார். பிறகு தம் யோசனையைச் சொன்னார்: ஒரு சங்கம், சந்தா, உறுப்பினர்களுக்கு மட்டும் டிஸ்க்.

"அகத்தா டீச்சர் மாரியம்மன் கோயில் சங்கத்துல சேருவாங்களா?" என்று கேட்டான் செலஸ்டின்.

"கௌரவ உறுப்பினரா போட்டுக்கலாம்."

"சந்தா?"

"கௌரவத்துக்கும் சந்தா உண்டு தம்பி."

என் முறை வந்தது. நாமே நானூறுக்கு விற்போம், ஆர்தர் முந்நூறுக்கு இறங்குவார், நாம் இருநூறு என்போம், அவர் நூறு என்பார் என்று வரிசையாக விளக்கினேன். பேரத்தில் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

"அப்புறம்?" என்றார் பிரேமாவதி.

"அப்புறம் நாம ஓசின்னு சொல்லிருவோம். அவரால அதுக்குக் கீழ போக முடியாது."

"இப்பவே ஓசிதான. அங்க போய்ச் சேர இவ்வளவு தூரம் எதுக்கு நடக்கணும்?"

துணிக்கடைப் பரம்பரைக்கு அன்று பெரிய அடி.

"எனக்கு ரெண்டே விஷயம்தான்" என்று அவரே தொடர்ந்தார். "நான் வரைஞ்சதை நான் அடிக்கக்கூடாதுன்னு நாளைக்கு எவரும் வந்து நிக்கக்கூடாது. அப்புறம், இதை வாங்கி யாராவது நல்லா ஆக்கினா அந்த நல்லதைப் பூட்டி வைக்கக்கூடாது. டீச்சர் திருத்துனதைப் பூட்டியிருந்தா எனக்குக் கொம்பு இன்னும் தனியாத்தான் நின்னுக்கிட்டிருக்கும்."

"பூட்டக்கூடாதுன்னு சொன்னா அது எப்படிக்கா இலவசம்?" செலஸ்டினுக்கு மனம் வரவில்லை. "நிபந்தனை போட்டுட்டா அப்புறம் காத்து இல்ல."

"காத்துக்குத் தவணை கட்டறது இல்ல தம்பி. பிரிண்டருக்குக் கட்டறேன்."

அதற்குள் மரப்படி முனகியது. அப்படி முனக வைக்கும் உடம்பு அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். ஆர்தர் வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"'ம' வரைக்கும் வருது. 'ய'வுல இருந்து அரவை மில் சத்தம்தான் வருது. ஜித்ரா அச்சகத்துக்காரன் முன்பணம் கொடுத்துட்டான், புதன்கிழமை கொண்டுபோகணும். 'ய' இல்லாம நான் என்னத்த விக்க? கல்யாணம்னே அடிக்க முடியாது."

செலஸ்டின் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். டிஸ்க்கின் உறையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். இயந்திரம் அதன் வழியாகத்தான் படிக்கும். அந்த ஜன்னலின் நடுவில், காய்ந்து வெடித்து, பளிச்சென்று ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

"யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

அழகேசன் தொண்டையைச் செருமினார். "தேங்காய்க்கு வச்சோம். மைக்குக்கு வச்சோம். இதை மட்டும் எப்படி விடறது?"

"விட்டிருக்கலாம் லா" என்றார் ஆர்தர். "உள்ள போன சந்தனத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். மெஷின்ல இன்னும் கோயில் வாசனை."

கோயில் பெயரால் கொடுத்த பொருள் கெட்டுவிட்டது. அழகேசனுக்கு முகம் வாடியது. அலமாரியில் இருந்த புது டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டப் போனார். பிரேமாவதி அதன்மேல் கை வைத்தார்.

"கொடுப்போம்ணே. இந்த வாட்டி தட்டுல வேணாம்."

"தட்டுல கொடுத்தது கொடுத்ததுதான தங்கச்சி? அதுக்கு நிபந்தனை உண்டா?" என்றார் ஆர்தர்.

"அதுக்கு இல்ல. அது முழுசா உங்களோடது. 'ம' வரைக்கும்."

இதைவிட நல்ல தொடக்க விலையை எங்கள் கடைக் கல்லாவிலிருந்துகூட யாரும் சொன்னதில்லை. ஆர்தரே ரசித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "சரி, 'ய'வுல இருந்து என்ன வேணும்?" என்றார்.

பிரேமாவதி சொன்னார். ஆர்தர் விரல்விட்டு எண்ணினார்.

"விக்கலாம். ஆனா வாங்கினவன் கேட்டா உள்ள இருக்கறதைத் திறந்து காட்டணும். நான் ஏதாவது மாத்தினா மாத்துனதையும் கேட்டவங்களுக்குக் கொடுக்கணும். என்கிட்ட வாங்கினவன் இன்னொருத்தனுக்கு அள்ளிக் கொடுத்தா வாயை மூடிக்கிட்டு நிக்கணும்." அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "இது யாவாரமா தங்கச்சி, உறைமோரா? பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தை நீட்டினா இல்லைன்னு சொல்லக்கூடாதுன்ற மாதிரி இருக்கு. வேணும்னா தயிரை வித்துக்க, உறையை மட்டும் சும்மா கொடுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. செலஸ்டின் பென்சிலைத் தேடினான்.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாடு வைத்திருப்பவர் தயிரை விற்பார்; அளவு பார்த்து, தண்ணீர் கலந்துகூட விற்பார். ஆனால் உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் என்று யாராவது வந்து நின்றால் காசு பேச்சு கிடையாது. கொடுத்த வீட்டில் எதுவும் குறையாது. வாங்கிய வீட்டில் மறுநாள் ஒரு சட்டித் தயிர் இருக்கும்; அந்த வீட்டுக்கு நாளை ஒரு கிண்ணம் வந்தால் அவர்களும் மறுக்கக்கூடாது. மறுத்த வீட்டைப் பற்றி லயம் ஒரு வருடத்துக்குப் பேசும்.

"காத்து வேணாம்" என்றான் செலஸ்டின். "இதான். எழுதிக்கிறேன்."

"என்ன எழுதிக்கிற?" என்று ஆர்தர் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னதைத்தாண்ணே."

"நான் கேலிக்குச் சொன்னேன் லா."

"நல்லாச் சொன்னீங்க" என்றார் பிரேமாவதி.

அழகேசனுக்கு உயிர் திரும்பியிருந்தது. "விளக்கு வச்சப்புறம் உறைமோர் கொடுக்கக்கூடாது. அதையும் போடு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?"

"உங்க வீட்டுல விளக்கு வச்சப்புறம் கொடுப்பாங்களா?"

செலஸ்டின் யோசித்தான். அவன் அம்மா நாள் தவறாமல் ஜெபமாலை சொல்பவர். ஆறரை மணிக்கு மேல் உறைமோர் கேட்டால் அவரும் கதவைச் சாத்திவிடுவார். போட்டான்.

இப்படியாக 'புள்ளி'யின் முதல் திரையில், யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படும்படி, இந்த நான்கு வரி ஏறியது:

தயிரை விற்கலாம், உறையை மறுக்கக்கூடாது.
உங்களிடம் உறைந்ததும் உறையே.
கேட்பவருக்கு இதே பேச்சோடு கொடுங்கள்.
விளக்கு வைத்த பிறகு கேட்பவர் காலையில் வரவும்.

ஆர்தர் இரண்டு தடவை படித்தார். "மீறினா என்ன செய்வீங்க? கோர்ட்டுக்குப் போவீங்களா? ரொம்ப சுசா லா அதெல்லாம், பெரிய தொல்லை. வக்கீலுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது."

"கோர்ட்டு எதுக்குண்ணே" என்றார் பிரேமாவதி. "கோயிலும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் ரிப்பனை பினாங்குல வாங்கிக்கும்."

ஆர்தர் மனத்துக்குள் ரிப்பன்களைக் கூட்டிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"எண்ணூறுக்கு வித்தா யாரும் மூஞ்சியைச் சுளிக்கக்கூடாது. அதையும் எழுது."

"விக்கறது உங்க இஷ்டம்" என்றான் செலஸ்டின். "சுளிக்கறது எங்க இஷ்டம்."

புதன்கிழமை ஆர்தர் ஜித்ராவில் எண்ணூறுக்கே விற்றார். சொல் சுத்தமான மனிதர். முதல் திரையை மறைக்கவில்லை. ஆனால் அச்சகத்துக்காரர் அதைப் படிக்காமல் அடுத்த திரைக்குப் போனார். பத்து நாள் கழித்து அகத்தா டீச்சர் ஏதோ அச்சடிக்க அங்கே போனவர் நின்று படித்தார். டீச்சர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. படித்துவிட்டுப் பகல் வெளிச்சத்திலேயே உறை கேட்டார், கிடைத்தது. தம்மிடம் அதே புரோகிராம் முன்பே இருப்பதை அவர் சொல்லவில்லை. நிபந்தனை வேலை செய்கிறதா என்று பார்த்தாராம். அச்சகத்துக்காரர் தாம் கொடுத்த எண்ணூறைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் பேசுவதில்லை. தீபாவளிக்குள் ஆர்தர் கடைக் கண்ணாடியில் வாசகம் மாறியது: தமிழ் எழுத்து இலவசம், கம்ப்யூட்டரில் ஏற்றித்தர எண்பது வெள்ளி. அது நியாயமான விலைதான். ஆனாலும் நாங்கள் சுளித்தோம்.

ஆனால் ஆர்தர் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. பிரிண்டரில் நம் எழுத்துக்கு உயரம் போதாது. மேலே சுழி போட்டால் கீழே வால் வெட்டுப்படும். எங்கள் பத்திரிகைகளில் மூர்த்திகளும் பூபதிகளும் வாலறுந்தே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆர்தர் ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தார். காகிதத்தை அரைவரி மட்டும் நகர்த்தி, ஒரே எழுத்தை இரண்டு தடவையாக அடிக்க வைத்தார். வால் முழுசாக வந்தது. அவர் கடையில் கல்யாணப் பத்திரிகை அச்சாகத் தொடங்கியது.

பிரேமாவதியின் வாடிக்கை கரைந்தது. பூபதி என்ற ஒரு மாப்பிள்ளையின் வீட்டார் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் வாழைப்பழம் ஒரு சீப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மாதத் தவணைக்கு அவர் பழத்தைக் கொடுக்க முடியாது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பிரேமாவதி ஆர்தரின் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அரைவரி நல்லா இருக்குண்ணே. உறை வேணும்."

ஆர்தர் எங்களைப் பார்த்தார். வெளியே தார் ரோடு வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். குழல் விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"விளக்கு வச்சாச்சே தங்கச்சி" என்றார். "காலையில வா."

நான் வாதத்துக்குத் தயாரானேன். பிரேமாவதி என் முழங்கையைத் தொட்டு, "சரிண்ணே, நீங்க சொன்னா சரிதான்" என்று இறங்கிவிட்டார்.

மறுநாள் ஏழரைக்கு ஆர்தர் வந்தபோது, கடைப் படியில் பிரேமாவதி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் ஒரு வெற்று டிஸ்க். காய்கறிப் பாசாருக்குப் போகிற வழி அது. கூடையோடு போன பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"என்னம்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

"உறைமோர் வாங்க வந்தேங்கா."

"இவரு கடையிலயா? மாடு வச்சிருக்காரா?"

"ஒண்ணு வச்சிருக்காரு. நல்லாக் கறக்குது. உறைதான் இன்னும் வெளிய வரல."

"உறைமோருக்கா காக்க வைக்கறாரு" என்று ஒரு கூடை கீழே இறங்கியது. அதைப் பார்த்து இன்னொரு கூடையும் இறங்கியது. ஆர்தர் இரும்புக் கதவைப் பாதி தூக்கிவிட்டு, "உள்ள வா லா, மானத்தை வாங்காத" என்றார். கிண்ணத்தை அவரே வாங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கின் மேல் ஒரு வெற்றிலையும் இருந்தது. பொட்டு மட்டும் வைக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் பிரேமாவதியின் மாடியிலிருந்து வாலோடு ஒரு பூபதி வெளியே போனார்.

வருடக் கடைசியில் ஆர்தர் எங்களிடம் கணக்குக் கேட்டார். இந்த உறைமோர் வேலையில் தமக்கு எவ்வளவு நட்டம் என்று எழுத்தில் பார்க்க வேண்டுமாம். கணக்கு என்றால் என் இலாகா. ஒரு தாளில் போட்டு, அவர் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டினார், மறுபடி கூட்டினார்.

"கொடுத்ததை இருப்புல கழிக்கலையே."

"கழிச்சா தப்பா வருதுண்ணே."

"எந்த ஊரு கணக்குடா இது? போகட்டும். என் நட்டத்தை எங்க காணோம்?"

அதனால் கடைசி வரியை அவர் கண் முன்னாலேயே சேர்த்தேன். இப்போது அந்தத் தாள் இப்படி இருக்கிறது:

கொடுத்தது: எல்லா எழுத்தும், கேட்ட எல்லாருக்கும்.
வந்தது: ஜித்ராவிலிருந்து பிரியாத 'கொ' ஒன்று, செர்டாங்கிலிருந்து 'ஸ்ரீ' ஒன்று, ஆர்தர் கடையிலிருந்து அரைவரி.
பிரேமாவதி தம் எழுத்துக்குக் கட்டியது: இல்லை.
இருப்பு: கொடுத்தது அத்தனையும், வந்தது அத்தனையும்.
ஆர்தருக்குப் பாக்கி: அரைவரி.